மாப்பிள்ளைக்கு விற்ற ஜீப்

என் ஜீப்பைப் பற்றி எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்து வேலைக்கு வரும் பெண்களைப் பல வருடம் மலை ஏற்றி இறக்கிய வண்டி அது. மழையானாலும் மூடுபனியானாலும் வழியில் படுத்ததில்லை. புது வண்டி வாங்கியதும் எங்கள் ஊர் சக்குபள்ளத்தில் பாதிப் பேர் பழையதைக் கேட்டு வந்தார்கள். கண்டவன் கையில் கொடுக்க மனமில்லை. முதலமடையில் மாம்பழ வியாபாரம் செய்யும் என் தங்கை வீட்டுக்காரர் கேட்டபோது உடனே சரி என்றேன்.

தங்கையையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். இடது கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும், குளிர்காலத்தில் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகாது என்று குறையையெல்லாம் நானே சொன்னேன். சொந்தக்காரருக்கு விற்கும்போது ஒளித்தால் ஆயுசுக்கும் பேச்சு வாங்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே ஓட்டிப் பார்க்க ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில், தங்கை பின்னால்.

முதல் இறக்கத்திலேயே இன்ஜின் சத்தம் அடங்கிவிட்டது. குனிந்து பார்த்தால், கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகிறார்.

"எறக்கத்துல இப்படி உட்டா டீசல் மிச்சமுங்க மச்சான்" என்றார் பெருமையாக.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது இங்கே சைக்கிள் ஓட்டாதவனுக்கும் தெரியும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிக் கடைசி வளைவில் கைவிட்டுவிடும்.

"மாப்ள, வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க. சாவியத் தாங்க."

நிறுத்தினார், சாவியைத் தந்தார். நானே வீட்டுக்குத் திருப்பி ஓட்டி வந்தேன்.

வீட்டில் மீன்குழம்பு தயாராக இருந்தது. மாப்பிள்ளை உள்ளே வராமல் முற்றத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை நனைக்காமல் போனால் உங்கள் தங்கை இனி இந்தப் படி ஏறுவாளா என்று என் மனைவி அடுப்படியில் என்னைப் பிடித்தாள். உயிரோடு இருந்தால்தானே ஏறுவாள் என்று நானும் கத்திவிட்டேன். கத்தினேனே தவிர, பயமாகத்தான் இருந்தது. எனக்கு இருப்பது ஒரே தங்கை.

வெளியே போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"எங்கூர்ல மலை ரோடே இல்லீங்களே மச்சான்" என்றார் தரையைப் பார்த்தபடி.

உங்கள் ஊரில் எப்படி வேண்டுமானாலும் ஓட்டுங்கள், ஆனால் கிறிஸ்துமஸுக்கு அவளை இதில்தானே கூட்டி வருவீர்கள் என்று கேட்டேன்.

"அப்ப மலைக்கு மட்டும் நீங்களே ஓட்டிக்குங்க."

குத்தலாகத்தான் சொன்னார். நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சரி என்று கை கொடுத்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு தட்டு மீன்குழம்புச் சோறு சாப்பிட்டார். மறுநாள் குமுளி மலைப்பாதையில் நானே ஜீப்பை இறக்கி, அடிவாரத்தில் லோயர் கேம்ப் வந்ததும் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போன் வந்தது. வண்டி கீழே லோயர் கேம்பில் நிற்கிறதாம், வரச் சொன்னார். போனபோது ஓட்டுகிற சீட்டைக் காலியாக விட்டுப் பக்கத்து சீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடமும் அப்படியே. ஊரில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். விற்ற வண்டிக்குச் சம்பளமில்லாத டிரைவர் என்று கிண்டல். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

போன கிறிஸ்துமஸ் முடிந்து அவர்களைக் கொண்டுவிட இறக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ பேச்சில் இருந்தேன். கொண்டைஊசி வளைவு வருவதற்கு முன்பே அவர் சொன்னார்:

"மச்சான், செகண்டுக்கு மாத்துங்க. வண்டி ஓடப் பாக்குது."

அவர் சொன்ன பிறகுதான் இன்ஜின் சத்தம் எனக்கே கேட்டது. கியரை மாற்றி, வளைவைத் தாண்டி, ஓரமாக நிறுத்தி இறங்கினேன். அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். அவரும் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்தார். பின்னால் தங்கை முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு வளைவிலும் என் வலதுகால் இல்லாத பிரேக்கை மிதித்தது. லோயர் கேம்பில் நிறுத்தியதும் இறங்கிப் போய் முன்சக்கரத்தில் கை வைத்துப் பார்த்தேன். சூடு தெரியவில்லை.

இடது கதவைத் தூக்கிச் சாத்திவிட்டு, அடுத்த வருடம் நேராக வீட்டுக்கே வந்துவிடுங்கள் மாப்பிள்ளை என்றேன்.