மயக்கம் கொடுக்க மறுத்த டாக்டர்

எங்கள் டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பெயர் ஊசியம்மா. வைத்தவர்கள் வாசலில் வெட்டிக்கதை பேசுகிறவர்கள் இல்லை, படித்த டாக்டர்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஊசி உடம்புக்குள் எங்கே போகிறது என்று திரையில் காட்டும் சி-ஆர்ம் மெஷினைப் பதினோரு வருஷமாக அவருக்காகத் தள்ளிக்கொண்டு போகிறவன். அந்த ஊசி அரை சென்டிமீட்டர் தள்ளிப் போனால் என்ன ஆகும் என்பது கேலி செய்கிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் முதலில் மயக்க டாக்டர். முப்பத்தைந்து வயதில், வலிக்குச் சிகிச்சை செய்கிற படிப்பு என்று ஒரு வருஷம் வெளியூர் போனார். மகளுக்கு அப்போது நாலு வயது. "ஊசி போடறதுக்கு ஒரு வருஷப் படிப்பா?" என்று மாமனார் கேட்டாராம். "ஆமா மாமா, எங்க போடக்கூடாதுன்னு கத்துக்கவே எட்டு மாசம் ஆகும்" என்றாராம் இவர்.

திரும்பி வந்தவருக்குக் கொடுத்த அறை, மாவுக்கட்டு போடும் இடத்துக்குப் பின்னால் உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை. மெஷின் வியாழக்கிழமை மத்தியானம் மட்டும், அதுவும் எலும்பு டாக்டர்கள் வேலை முடிந்த பிறகு. மற்ற நாளெல்லாம் பழையபடி மயக்கம் கொடுக்கும் டூட்டி. வலிக்கென்று தனிப் பிரிவு எதற்கு என்று கேட்டார் நிர்வாக அதிகாரி. அவருக்கு ஒரு நாள் ராத்திரி பல்வலி வந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

அந்த அறையில் டாக்டர் இரண்டு இரும்பு வாளி, ஒரு மணல் மூட்டை, மிதிக்கும் தையல் மெஷின், தச்சரிடம் சொல்லிச் செய்த மூன்று மரப்படி எல்லாம் கொண்டுவந்து வைத்தார். "இது கிளினிக்கா, பழைய சாமான் கடையா?" என்று நானே கேட்டேன்.

"வலி இருக்கான்னு கேட்டா, வாய் மரியாதைக்கு எதையாவது சொல்லும் அண்ணே. உடம்பைத்தான் கேக்கணும்" என்றார்.

அவர் முறை இதுதான். முதுகெலும்பின் சின்ன மூட்டுகளுக்குப் போகும் நரம்பின் பக்கத்தில் மரத்துப்போகிற மருந்தை ஊசியால் ஒரு சொட்டு விடுவார். அது சில மணி நேரம்தான் நிற்கும். அதற்குள், எந்த வேலை செய்தால் வலிக்குமோ அதையே செய்யச் சொல்வார். வலிக்கவில்லை என்றால் குற்றவாளி அந்த மூட்டு. இன்னொரு நாள் மறுபடியும் சோதித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் ஊசி முனையால் அந்த நரம்பைச் சூடு வைத்து அடக்குவார். கத்தியும் கிடையாது, ஸ்க்ரூவும் கிடையாது.

எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். இருபது வருஷம் ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. ஸ்கேனைப் பார்த்த பெரிய டாக்டர், எலும்பு டாக்டர்களுக்கெல்லாம் தலைவர், ஸ்க்ரூ வைத்து இரண்டு எலும்பைச் சேர்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை காலைக்கு ஆபரேஷன் குறித்துவிட்டார். அவர் ஸ்கேனைத்தான் பார்ப்பார். ஆளைத் தொட்டுப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சோ.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, அக்கா வார்டிலிருந்து தானே நடந்து எங்கள் அறைக்கு வந்தார். "வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்க பாருங்க டாக்டரம்மா. பயமா இருக்கு."

டாக்டர் நரம்புப் பக்கத்தில் அந்த மருந்தை ஊசியில் விட்டார். அரை மணி கழித்து இரண்டு வாளியிலும் ஈரத் துணியை நிறைத்துத் தூக்கச் சொன்னார். அக்கா தூக்கினார். நடந்தார். திரும்பி வந்து வாளியை வைத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர் போல எங்களைப் பார்த்தார். வலி இல்லை. டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதினார்: ஆபரேஷனை இரண்டு வாரம் தள்ளிப் போடவும், இன்னொரு சோதனை தேவை.

மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டரில் மெஷினோடு நின்றேன். அக்காவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். மயக்கம் கொடுக்கும் டூட்டி யாருக்கு? எங்கள் டாக்டருக்கே. வேண்டாம் என்று எழுதிய கையே அக்காவைத் தூங்க வைக்க வேண்டும். டூட்டி போட்டவரை அன்றைக்குக் கையில் கிடைத்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

"நான் எழுதினதைப் பாத்தீங்களா சார்?" என்று பெரிய டாக்டரிடம் கேட்டார் எங்கள் டாக்டர்.

"பாத்தேன். நேத்து சாயங்காலம் ரவுண்ட்ஸ்ல நானே அந்தம்மாவைக் கேட்டேன். வலி அப்படியேதான் இருக்குன்னு சொன்னாங்க. போதுமா?"

டாக்டர் குனிந்து அக்காவைப் பார்த்தார். "அப்படியா சொன்னீங்க?"

அக்கா கூரையைப் பார்த்தார். "அவ்வளவு பெரிய டாக்டர், எனக்காக நாள் குறிச்சு வச்சிருக்காரு. இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

பெரிய டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, "உன் வேலை தூங்க வைக்கறது. தூங்க வை" என்றார். அதுவரை 'நீங்க' என்று பேசியவர்.

"மாட்டேன் சார். இந்த ஆபரேஷனுக்கு நான் மயக்கம் குடுக்க மாட்டேன்."

இன்னொரு மயக்க டாக்டர் அவசரப் பிரசவத்தில் இருந்தார், வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வெளியே போனார். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்காக நீங்க வம்பு வாங்கிக்காதீங்க" என்று அக்கா அழ ஆரம்பித்தார். "வெட்டிட்டுப் போகட்டும். நான் தாங்கிப்பேன்."

அப்போதுதான் டாக்டர் வெடித்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியிடம் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "உங்க முதுகு அக்கா அது! அவரு மனசு கோணக்கூடாதுன்னு முதுகை வெட்டக் குடுப்பீங்களா? என்கிட்ட இல்லைன்னு சொல்லி, அவருகிட்ட இருக்குன்னு சொல்லி, எல்லாருக்கும் நல்லவங்களா இருந்துட்டு நீங்க படுத்துக்கப் போறீங்க. நான் எதுக்கு இங்க மல்லுக்கட்டிட்டு இருக்கேன்?" சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியது தப்பில்லை என்றே நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு மணி நேரம் கழித்து பெரிய டாக்டர் உள்ளே வந்தார். பின்னாலேயே அந்த இன்னொரு மயக்க டாக்டர். அக்கா வண்டியிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்கினார். பின்பக்கம் திறந்திருந்த ஆஸ்பத்திரி அங்கியை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், இப்ப வலிக்குது. நேத்து மத்தியானம் வலிக்கலை. அஞ்சு மணி நேரம் வலிக்கலை. கீழ சலவைக்குப் போய் ரெண்டு வாளி துணி பிழிஞ்சு போட்டேன். உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன். எனக்கு அந்த அஞ்சு மணி நேரம்தான் வேணும் சார். ஆபரேஷன் வேண்டாம்."

பெரிய டாக்டர் அக்காவைப் பார்க்கவே இல்லை. எங்கள் டாக்டரைப் பார்த்துத்தான் கேட்டார். "இப்படிப் பேசச் சொல்லிக் குடுத்தியா?"

"சொல்லிக் குடுக்கலை சார்" என்றார் அக்கா. "திட்டினாங்க."

ஆபரேஷன் நடக்கவில்லை. அன்று சாயங்காலமே டாக்டருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வியாழக்கிழமை மெஷினும் இனிக் கிடையாது என்று கீழே ஒரு வரி. நான் கத்தித் தீர்த்தேன். டாக்டர் மெமோவைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, மடித்து வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, எலும்பு டாக்டருங்க எட்டு மணிக்குத்தானே வராங்க? காலையில ஆறு மணிக்கே மெஷினைப் போட முடியுமா? அக்காவுக்கு ரெண்டாவது சோதனை பாக்கி இருக்கு."