லபீபா அக்காவும் இரண்டு கானாவும்

இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கியது எந்த ஊரில் என்று எங்கள் வீட்டில் சண்டை நடக்காத நாள் அபூர்வம். என் வீட்டுக்காரரின் அண்ணன் நக்லே அத்தானைக் கேட்டால், "இதே ஊர்தான், நம்ம வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற குகைக்குப் பக்கத்துலதான்" என்பார். அவர் மனைவி லபீபா அக்காவைக் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு, "நாசரேத்துக்குப் பக்கத்துல, எங்க கானாவுல" என்பாள். அவள் பிறந்த ஊருக்கும் கானா என்றுதான் பெயர். எங்கள் கானா லெபனானின் தெற்கில், சூர் பட்டணத்துக்கு மேலே மலையில் இருக்கிறது. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு காதைப் பொத்தியவள் நான்.

அக்கா இந்த வீட்டுக்கு வந்த கதை மாதுளம்பழத்தில் ஆரம்பிக்கிறது. அறுவடைக் காலத்தில் அத்தான் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போவார். அங்கே விளையும் மாதுளை பேர்போனது. வாங்கி வந்து சூர் சந்தையில் விற்பார். அந்த நாளில் எல்லை என்பது ஒரு போலீஸ்காரனும் அவன் நாற்காலியும்தான். அப்படிப் போன இடத்தில் பெண் கேட்டார். அக்காவின் அப்பா ஒரேயடியாக முடியாது என்றுவிட்டார். அவள் அம்மா ஹெலானேதான் பிடிவாதமாக நின்று கட்டிக் கொடுத்தாள். "கானாவுலேர்ந்து கானாவுக்குத்தானே போறா. பொண்ணு ஊரை விட்டே போகலைன்னு நெனச்சுக்கறேன்" என்றாளாம். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம், மாதம் ஒருமுறை மகள் முகத்தைப் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு.

கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் போர் வந்தது. போலீஸ்காரனின் நாற்காலி இருந்த இடத்தில் முள்கம்பி வந்தது. அவள் ஊர் அந்தப் பக்கம், இஸ்ரேலில்; எங்கள் ஊர் இந்தப் பக்கம். அதன்பிறகு பல வருஷம் அக்கா தன் அம்மாவைப் பார்க்கவே இல்லை.

இதற்குப் பிறகுதான் நான் அத்தானின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டுக்குள் வந்தேன். வந்த முதல் வாரம், முற்றத்தில் உட்கார்ந்து எல்லோரும் காயவைக்கப் புகையிலையை ஊசியால் நூலில் கோத்துக்கொண்டிருந்தோம். அத்தான் தொண்டையைச் செருமினார். நான் ஏதோ நல்ல விஷயம் சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"மலையில பாறை மேல வரிசையா ஆளுங்களைச் செதுக்கியிருக்கே, இயேசுவும் சீஷர்களும். அதை யாரு செதுக்கினது? உன் தாத்தா உங்க கானாவுலேர்ந்து உளியோட வந்தாரா?"

"மழையில மூக்கும் கண்ணும் கரைஞ்சுபோன பொம்மைங்க. அது உங்க தாத்தான்னு சொன்னாலும் நம்புவேன்" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். மகன் பெயரை வைத்துத்தான் அத்தானைக் கூப்பிடுவாள். "மிலாத் அப்பா, நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. கல்யாண வீட்டுல திராட்சரசம் குறையுது. மாதா என்ன செய்றாங்க? நேரா சமையல்கட்டுக்குள்ள போய் வேலைக்காரங்களை ஏவுறாங்க. அவ்வளவு தூரம் நடந்து வந்த விருந்தாளி அப்படிச் செய்வாளா? பக்கத்து ஊர்க்காரி, சொந்தக்காரி, அவதான் செய்வா. நாசரேத்துலேர்ந்து எங்க ஊருக்குப் பேசிக்கிட்டே நடந்து வந்துடலாம்."

"அதேதான் நானும் சொல்றேன். திராட்சரசம் ஏன் தீர்ந்துச்சு? எதிர்பாராத கூட்டம் தூரத்துலேர்ந்து வந்ததால. உங்க ஊர்க் கல்யாணத்துக்கு யாரு வருவான்னு முன்னாடியே தெரியாதா? எல்லாம் தினம் பாக்கற மூஞ்சிதானே?"

"கூட்டத்தால ஒண்ணும் தீரலை. உங்க ஊர்க்காரன் குடிச்ச குடியில தீர்ந்திருக்கும்."

"அப்படி வா வழிக்கு! எங்க ஊருன்னு ஒத்துக்கிட்டே பாத்தியா!"

அக்கா கையிலிருந்த ஊசியை அவர் பக்கம் நீட்டினாள். நான் பயந்தே போனேன். என் வீட்டுக்காரர் என் காதில், "நீ பாட்டுக்குக் கோத்துக்கிட்டிரு. இவங்க விவகாரத்துல தலையிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து உன்னைத்தான் திட்டுவாங்க" என்றார். அது உண்மைதான் என்று பிறகு பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கோயிலிலும் விடமாட்டார்கள். எங்கள் சபை முறைமையில் ஒவ்வொரு கல்யாணத்திலும் கானா ஊர்க் கல்யாணப் பகுதியைத்தான் சாமியார் வாசிப்பார். ஊர்ப் பெயர் வரும்போது ஆண்கள் பக்கத்திலிருந்து அத்தான் இருமுவார். அடுத்த நொடி அவள் ஊர் இருக்கும் கலிலேயாவின் பெயர் வரும், பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா இருமுவாள். மாப்பிள்ளையும் பெண்ணும் கல்யாணக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு குடும்பத்தில் இப்படியா என்று எரிச்சலும் வரும். ஒன்று மட்டும் கவனித்திருந்தேன். சண்டையில்லாத நேரத்தில் அக்கா தன் ஊரைப் பற்றி வாயே திறக்கமாட்டாள்.

என் வீட்டுக்காரர் ஒரு ரேடியோ வாங்கினார். அந்தப் பக்கத்து நிலையத்தில் வாரம் ஒருமுறை, பிரிந்த குடும்பங்கள் ஒருவருக்கொருவர் சேதி சொல்ல நேரம் ஒதுக்குவார்கள். நான் இன்னார், இந்த ஊர், நாங்கள் நலம், உங்கள் நலத்தைத் தெரிவியுங்கள் என்று வரிசையாகக் குரல்கள் வரும். எதிரி நாட்டு ரேடியோ கேட்கிறார்கள் என்று யாராவது போலீசில் சொல்லிவிட்டால் வம்பு என்பதால், ஜன்னலைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து, எல்லோரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு கேட்போம். பல மாதம் யார் யாருடைய பிள்ளைகளோ பேசினார்கள். ஒரு நாள் அக்காவின் தம்பி சலீபா பேசினான்.

"லபீபாக்கா, நாங்க நல்லா இருக்கோம். அப்பா போயிட்டாரு. அம்மா ராத்திரியெல்லாம் தூங்கறதில்லை. உன்னைத் தூரத்துல தள்ளினது நான்தான், என்னை மன்னிச்சுடச் சொல்லுன்னு சொல்றாங்க. கிறிஸ்துமஸுக்கு எருசலேம் வர அனுமதி கிடைச்சிருக்கு. நீ வந்தா பாக்கலாம்."

அடுத்த குரல் வேறு யாரையோ கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அப்பா இறந்த செய்தி அவளுக்கு அப்படித்தான் கிடைத்தது. அக்கா அப்பாவுக்காக அழுதாள். அழுது முடித்ததும், "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அம்மா அந்த எண்ணத்தோட சாகக்கூடாது" என்றாள்.

அந்த வருஷங்களில் கிறிஸ்துமஸுக்கு மட்டும், இஸ்ரேலில் இருந்த கிறிஸ்தவர்களை இரண்டு நாடுகளாகப் பிரிந்திருந்த எருசலேமின் நடுவிலிருந்த ஒரு வாசல் வழியாக ஜோர்டான் பக்கத்துக்கு விடுவார்கள். ஒன்றரை நாள்தான். நாங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அத்தான், அக்கா, துணைக்கு நான். பெய்ரூத், டமாஸ்கஸ், அம்மான் என்று வண்டி மாறி மாறி, குளிரிலும் மழையிலும் போனோம். கழுதை மேல் ஒரே பகலில் போன தூரத்துக்கு மூன்று நாடுகளைச் சுற்றினோம் என்று நினைக்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வழியெல்லாம் அத்தான் வண்டி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். பெண் கேட்டுப் போனவர் அவர்தானே. மாமியார் முகத்தில் எப்படி முழிப்பது என்ற கவலை.

வாசல் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தடுப்புக் கட்டைகள், சிப்பாய்கள், இடிந்த வீடுகள். இந்தப் பக்கம் எங்களைப்போல நூற்றுக்கணக்கானவர்கள். ஒவ்வொரு குடும்பமாக வர வர, ஒவ்வொரு பெயராகக் கத்துவார்கள். ஹெலானே அம்மா சலீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அக்கா கத்தவில்லை. கால் வராமல் நின்றவளை நான்தான் முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

கிழவி மகளின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். "உன்னை உயிரோட பொதைச்சுட்டேன்டி" என்றாள். "உங்கப்பா வேணாம் வேணாம்னாரு. நான் கேக்கலை."

அந்த ஒன்றரை நாளும் ஒரு கன்னியர் மடத்தின் விருந்தினர் அறையில் இருந்தோம். நான் கொண்டுபோன கிப்பே என்ற இறைச்சி உருண்டையைக் கிழவி தொடவில்லை. அக்கா என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் அதையேதான் சொன்னாள். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்றால், "நான் பாக்க முடியலையே" என்பாள். வீடு பெரிய வீடு என்றால், "எனக்கு ஆறுதலுக்குச் சொல்றே" என்பாள். அத்தான் மூலையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தண்டனை கிடைத்த பையனைப்போல நின்றார்.

அக்கா சட்டென்று குரலை உயர்த்தினாள். "அம்மா, எதுக்கும்மா அழறே? நான் என்ன காட்டுலயா இருக்கேன்? அசல் கானா அதுதான்மா. கல்யாணம் நடந்ததே அங்கதான். பாறையில இயேசுவையும் சீஷர்களையும் செதுக்கி வச்சிருக்காங்க. குகை இருக்கு. நானே என் கண்ணால பாக்கறேன் தினமும். நீ என்னை மாதா கால் பட்ட ஊருக்குத்தான் அனுப்பிவச்சிருக்கே."

நான் அத்தானைப் பார்த்தேன். இத்தனை வருஷம் எதைக் கேட்கக் காத்திருந்தாரோ அதைக் கேட்டுவிட்டார். அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது.

கிழவி அழுகையை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு அக்காவின் தோளில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"அடிப் பாவி! நம்ம கோயில் முற்றத்துல விளையாடி வளர்ந்துட்டு என்கிட்டயே சொல்றியா? புருஷன் சொல்லிக்கொடுத்த பாட்டா?"

"பாட்டு இல்லம்மா. உண்மை. எங்க ஊர்தான்."

"எங்க ஊராம்!" கிழவி எங்கள் எல்லோரையும் பார்த்தாள். "கேட்டீங்களா, எங்க ஊருங்கறா!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல் இல்லாத வாயால் அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பிறகு அத்தானைக் கிட்டே கூப்பிட்டு, "மாப்பிள்ளை, நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் காலையில், அம்மா விடிய விடியத் தூங்கினாள் என்று சலீபா வியந்து சொன்னான்.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் சண்டை நின்றுபோனது. நான் சந்தோஷப்பட்டேன், ஒரு வாரத்துக்கு. பிறகு அந்த அமைதி பிடிக்காமல்போனது. முற்றத்தில் உட்கார்ந்தால் ஊசி இலையில் ஏறும் சத்தம்தான். அத்தான் அவளைக் கண்ணாடிப் பாத்திரம்போலப் பார்த்துக்கொண்டார். ஒரு கல்யாணத்தில் சாமியார் அந்தப் பகுதியை வாசித்தபோது அத்தான் இருமவில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

தவக்காலம் முடியும் முன் ரேடியோவில் சலீபா வந்தான். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், கஷ்டப்படவில்லை என்றான். அக்கா ரேடியோவை அணைத்தாள். எழுந்துபோய் மாவு பிசைந்தாள். அழவில்லை.

துக்கம் கேட்கச் சாமியாரோடு ஊரே வந்தது. சர்க்கரை போடாத காப்பியை நான் ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். "அவங்க ஆயுசும் சேர்த்து உங்களுக்குக் கிடைக்கட்டும்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதற்கு மேல் சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லை. துக்க வீட்டில் இறந்தவரைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்வது வழக்கம். ஹெலானே அம்மாவை அந்த ஊரில் யார் பார்த்தார்கள்? அக்கா கறுப்பு உடுத்தி, உலர்ந்த கண்ணோடு, கல்லாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவளைத் தேற்ற வேண்டும் என்றுதான் அத்தான் பேசியிருப்பார். எல்லோர் முன்னாலும், மெதுவாக, "நம்ம ஊர், நம்ம ஊர்னு நான் இத்தனை நாள் சும்மா சொன்னேன். கல்யாணம் நடந்தது இவங்க கானாவுலதான்" என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "உங்களை யாரு விட்டுக்கொடுக்கச் சொன்னது?" "அம்மா போயிட்டா. அங்க போற வழி இல்லை. இந்த வீட்டுல என் ஊரோட பேரைச் சொல்ற ஒரே ஆள் நீங்கதான். திட்டறதுக்காகவாவது சொல்லுவீங்க. நீங்களும் வாயை மூடிட்டா நான் யாருகிட்ட பேசுவேன்?"

கூடத்தில் காப்பிக் கோப்பைகள் அப்படியே நின்றன. அத்தான் தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் போட்டார். சாமியாரைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சரி, கேக்கறேன். இயேசு ரொப்பச் சொன்னது ஆறு கல்ஜாடி. ஒவ்வொண்ணும் இவ்வளவு பெரிசு. வாய் விளிம்பு வரைக்கும் தண்ணி ரொப்பணும். உங்க ஊர்ச் சோம்பேறிங்க அதை ரொப்பியிருப்பாங்களா? யாரு ரொப்புவா அங்க?"

"எங்கம்மா ரொப்புவா!" என்றாள் அக்கா. "ஊத்துலேர்ந்து எங்க வீடு வரைக்கும் மேடு. தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, என்னைக் கையில பிடிச்சுக்கிட்டு ஏறுவா. எங்கம்மா ஒருத்தியே ரொப்புவா..."

அன்றுதான் அக்கா வாய்விட்டு, அம்மாவைக் கூப்பிட்டு, அழ ஆரம்பித்தாள்.