நான் நட்ட பலகை

பேய், ஆவி என்று கதை விடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஈப்போவில் முப்பது வருஷமாகக் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பேட்டரி செத்துப்போன வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு என்னிடம் வரும் முட்டாள்கள் எத்தனையோ பேர். நீங்களும் சிரிக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், தெரிகிறது. முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சிலிம் ரிவர் பக்கம் எங்கள் தாத்தா பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்த தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய்ச் செம்பனை. அதை வாங்கிய புது முதலாளி, பழைய இடுகாட்டில் சொந்தக்காரர்கள் பெயர்ப்பலகை நட்டு வைக்கும் குழிகளில் மட்டும் எலும்பை எடுத்துக்கொள்ளலாம், மீதியைத் தள்ளிச் சமமாக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. தாத்தாவை அங்கேயே விட்டுவிடாதே என்று சாகும்போது அப்பா அவளிடம்தான் கேட்டிருந்தார். அவளுக்கோ முட்டி ஆபரேஷன் ஆகி நடக்க முடியவில்லை, அதனால் என்னை அனுப்பினாள். தலைமாட்டில் ஒரு பால்மரம் நிற்கும், அவளுக்கு ஞாபகமிருந்த அடையாளம் அவ்வளவுதான்.

போனேன். இடுப்பளவு லாலாங் புல், தலைக்கு மேல் கொடிப்புதர், அட்டை, கொசு. கல் கிடையாது, பெயர் கிடையாது, எல்லாமே மண்மேடு. பக்கத்தில் ஒரு குடும்பம் வெற்றிலையில் மை தடவித் தங்கள் பாட்டனைத் தேடிக்கொண்டிருந்தது, படித்த பிள்ளை ஒன்று அதைக் கைப்பேசியில் படம் வேறு பிடித்தது. தூ என்று இருந்தது எனக்கு. அரைமணி நேரம் தேடினேன், போதும் என்று தோன்றிவிட்டது. எலும்பில் பெயரா எழுதியிருக்கிறது? வண்டிக்குப் பக்கத்தில், வேலியோரமாக இருந்த மேட்டில், தாத்தா பெயரை நானே எழுதிக் கொண்டுபோயிருந்த பலகையை வைத்துச் சுத்தியலால் இரண்டு போடு போட்டேன், படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

அழுதுகொண்டே கூப்பிட்டாள். "மரம் இருக்கா தம்பி?"

"இருக்குக்கா, பக்கத்துலதான்லா."

வாய் கூசாமல் சொன்னேன். பிறகு கடையில் உட்கார்ந்து மீ கோரேங் தின்றேன், நன்றாகவே இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை காலை எலும்பெடுக்க அக்காவும் கைத்தடியோடு வந்தாள். அதற்குள் வேலையாட்கள் புல்லையும் புதரையும் வெட்டியிருந்தார்கள். வேலியோரத்து மேட்டில் பலகை இல்லை. நான் முழித்துக்கொண்டு நிற்கும்போதே அக்கா கை நீட்டினாள். ஐம்பது அடி தள்ளி, அன்றைக்குப் புதருக்குள் மறைந்திருந்த ஒரு கிழட்டுப் பால்மரம், அதன் அடியில் ஒரு மேடு, அந்த மேட்டில் என் பலகை. என் கையெழுத்து.

எவனோ விளையாடியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன், நாலு வார்த்தை திட்டக்கூட வாயெடுத்தேன். ஆனால் அக்கா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டையில் புதுசாக ஒரு வெட்டு, கீழே பால் பிடிக்கிற உடைந்த மங்கில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அவளும் பால்மரம் வெட்டியவள். எல்லோருடைய வெட்டும் இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் இறங்கும், இது தலைகீழாக இறங்கியிருந்தது.

"இது தாத்தா வெட்டு," என்றாள். "அவரும் பீச்சாங்கைலா, உன்ன மாதிரி."

நான் இரண்டு போடு போட்ட பலகையைப் பிடுங்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. எலும்பு கிடைத்தது, எரித்துச் சாம்பலை லூமுட் கொண்டுபோய்க் கடலில் கரைத்தோம். அக்கா இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். எதையுமே நம்பாத என் தம்பிதான் தாத்தாவைக் கண்டுபிடித்தான் என்று கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கே போனாலும் சொல்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், அடக்கமாம். மை தடவிய அந்தக் குடும்பமாவது தன் ஆளை உண்மையாகத் தேடியது.

பலகை ஒர்க்‌ஷாப்பில்தான் இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன். பின்பக்கம் பால் காய்ந்து கறுத்துப்போன ஓர் இடது கைத்தடம். என் கையை வைத்துப் பார்த்தேன், உள்ளங்கை, நாலு விரல், எல்லாம் அச்சு அசலாகப் பொருந்துகிறது. என் சுண்டுவிரல் பாதிதான், ஃபேன் பெல்ட்டில் மாட்டிப் போய் இருபது வருஷமாகிறது. பலகையில் அது முழுசாக இருக்கிறது.