ஊரிலை எவடம்?

முதல் நாள் அவர் கதிரையில் சரியாக உட்காரவும் இல்லை, கேட்டுவிட்டார்: "டொக்டர், நீங்கள் ஊரிலை எவடம்?"

உளப்பகுப்பாய்வு படித்தவள் நான். பயிற்சியில் சொல்லித் தந்தபடி கேள்வியை அவரிடமே திருப்பினேன். "அதை ஏன் கேக்கிறீங்கள், ஐயா?" அவர் ஒரு மாதிரிச் சிரித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

அறுபதை நெருங்கிய மனிதர். மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வருவார். வருடக்கணக்கான மனச்சோர்வு எந்த மாத்திரைக்கும் அசையாததால், அரசிடம் தனி அனுமதி எடுத்து, எங்கள் கிளினிக்கில் காளானிலிருந்து எடுக்கும், மனக்காட்சிகளைக் காட்டும் மருந்தை அவருக்கு ஒரு தடவை கொடுத்திருந்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த அந்தப் பகல் முழுவதும் அழுதாராம். என்ன கண்டார் என்று யாருக்கும் சொல்லவில்லை. கண்டதைப் பேசவைத்து, அவருடைய வாழ்க்கையில் அதற்கு ஓர் இடம் தேடிக் கொடுப்பது என் பொறுப்பு. ஆறு கிழமை, கிழமைக்கு ஐம்பது நிமிடம். கிளினிக்கின் கணக்கு அவ்வளவுதான்.

அந்த ஐம்பது நிமிடங்களில் அவர் குளிர்கால டயரைப் பற்றிப் பேசினார். நெடுஞ்சாலையில் முடியவே முடியாத வீதி வேலையைப் பற்றிப் பேசினார். ஒரு கிழமை ஐம்பது நிமிடமும் கோயில் கார் தரிப்பிடத்தில் யாரோ குறுக்கே விட்ட வானைப் பற்றியே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மேற்பார்வையாளர், இந்த நாட்டுக்காரர், "அது எதிர்ப்பு, சொல்ல வேண்டியதை மனம் தடுக்கிறது, மௌனமாக இருங்கள்" என்றார். அவருக்கு எங்கள் ஆட்களைப் பற்றி என்ன தெரியும்?

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஆட்கள் ஊரைக் கேட்பது ஊரை அறிய அல்ல, சாதியை அறிய. இந்த மொன்றியலிலேயே என் கல்யாணப் பேச்சு ஒன்று அந்தக் கேள்வியோடு கவிழ்ந்தது. மருந்து குடித்தும் இவருக்கு அந்தப் புத்தி போகவில்லையே என்று எனக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்துக்குத்தான் தொழில்முறை என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆறாம் கிழமை, இன்னும் கால் மணித்தியாலம்தான் இருந்தது. பொறுக்க முடியவில்லை.

"ஐயா, ஒண்டும் சொல்லாமலே போகப்போறீங்களோ?"

"நீங்களும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே."

வெடுக்கென்று என் ஊர்ப் பெயரைச் சொன்னேன். இப்போது திருப்திதானே என்ற தொனியில். அவருடைய தோள் இரண்டும் இறங்கின.

"அப்பாடா. அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாது. நீங்கள் அவன்ரை ஊரோ, அவன்ரை சொந்தமோ எண்டுதான் பயந்தனான்."

பிறகு நிறுத்தவேயில்லை. போரில் இடம்பெயர்ந்தபோது அவருடைய சைக்கிளின் பின் கரியரில் வந்த சிநேகிதன். "வெடிச்சத்தம் கேட்டோடனை அவனையும் சைக்கிளையும் விட்டிட்டு ஓடிட்டன். அவன் பிறகு வரவேயில்லை. வழியிலை பிரிஞ்சிட்டம் எண்டு அவன்ரை வீட்டுக்காரருக்குச் சொன்னன். அவையள் இப்ப இங்கை, நான் போற கோயிலுக்குத்தான் வருகினம். எனக்குப் பிரசாதம் எடுத்துத் தருகினம். மருந்து குடிச்ச அண்டு முழுக்க அவன் எனக்குப் பின்னாலை இருந்தவன். நான் மிதிக்கிறன், மிதிக்கிறன், அவன் இறங்கேல்லை."

நான் மெத்தப் படித்தவள். எங்கள் சனம் இந்த நகரத்தில் ஒரு கைப்பிடி, யார் யாருக்கு உறவு என்று தெரியாமல் ஒருவர் வாய் திறக்கமாட்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஐந்து கிழமையை நான் தின்றுவிட்டேன். எதிர்ப்பு என்னுடையது.

நேரம் முடிந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கதவடியில் திரும்பி, "அடுத்த கிழமையும் வரலாமோ, தங்கச்சி?" என்றார்.

ஆறு முடிந்துவிட்டது. ஏழாவதைக் கொடுக்க எனக்கு அனுமதியும் இல்லை.

"ஓம், வாங்கோ" என்றேன். முதல் நாளும் இப்படி உடனே பதில் சொல்லியிருக்கலாம்.