எமில்டாவின் ஆறாவது நேர்காணல்

ஐம்பத்திரண்டு வயதில் எம்.ஏ. பட்டம் வாங்கி ஐம்பத்துமூன்றில் அதைத் திருப்பிக் கொடுத்தவள் எமில்டா. அவள் ஜெபத்துக்குப் போகும் சபையில் இப்போது அவளைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான்: "உவ பொய் எழுதிப் பிடிபட்டவ." ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் அந்த வாய்கள் மெல்லுவது பாதிக் கதையைத்தான். மற்றப் பாதி தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவர்களில் ஒருத்தி எமில்டா.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவள். கணவன் அன்புராசா கூப்பிட்டு கனடா வந்து, மல்வேர்னில் ஒரு ரவுண்ஹவுசில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில், குடியிருப்பவள். ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்தொரு வருடமாக வேலை. கிழவர்களைக் கழுவுவது, திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது. முதுகு போய்விட்டது, ஆனால் அவளுடைய மனக்குறை முதுகு அல்ல. ஒருவர் சாகக் கிடக்கும்போது, பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கையைப் பிடிக்க ஆன்மிகத் துணையாளர் என்று ஒருவர் வருவார். வேண்டியவர்களுக்கு ஜெபம் செய்வார், வேண்டாதவர்களோடு சும்மா இருப்பார். அவர் வந்ததும் எமில்டா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவேண்டும். மூன்று வருடம் தன் கையால் ஊட்டிய மனிசி சாகும்போது தான் மட்டும் ஏன் வெளியே நிற்கவேண்டும் என்று அவளுக்கு வயிறு எரியும். விசாரித்தாள். அந்தக் கதிரைக்கு எம்.ஏ. வேண்டும் என்றார்கள்.

ஒரு சிறிய இறையியல் கல்லூரியில் சேர்ந்தாள். படிப்பின் பெயர் கிறிஸ்தவ ஊழியமும் பண்பாட்டிடைக் கல்வியும். பதினாறு பாடம். வேறு பண்பாட்டு மக்கள் நடுவே முந்நூறு மணி நேரப் பயிற்சி. கடைசியில் ஓர் ஆய்வேடு. எல்லாவற்றையும் ஏழு வருடத்துக்குள் முடிக்கவேண்டும், முடிக்காவிட்டால் படித்ததெல்லாம் ஆற்றில் போட்டது. கூடப் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் மூன்று கிழமை கென்யாவுக்குப் போய் அந்த முந்நூறு மணியில் பாதியைக் கழித்தார்கள். எமில்டா பேராசிரியரிடம் போய், "நான் யாழ்ப்பாணத்திலயிருந்து இஞ்ச வந்து இருபத்தாறு வருசம். இதைக் கணக்கில எடுக்கேலாதோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மேற்பார்வையாளர் கையொப்பம் இல்லாத அனுபவம் செல்லாது என்றார் அவர். நல்ல மனிதர்தான், விதியை விட்டு விலகமாட்டார். அவள் வேலை முடிந்து பஸ் ஏறி ஒரு சோமாலியர் சமூக நிலையத்தில் பாத்திரம் கழுவி அந்த மணித்தியாலங்களை நிரப்பினாள்.

ஆய்வேட்டுக்கு வேறு மதத்தவர் ஆறு பேரின் வாழ்க்கைக் கதை வேண்டும். ஒவ்வொருவரிடமும் சம்மதப் படிவத்தில் கையொப்பம் வாங்கி, ஒலிப்பதிவு செய்து எழுதவேண்டும். பெயரை மறைக்கவேண்டும். அவர்கள் சம்மதிக்காத ஒரு சொல்லும் உள்ளே போகக்கூடாது. ஐந்து பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். ஆறாவது ஆள் நாகமணி.

நாகமணி மட்டக்களப்புப் பக்கத்து மனிசி. எழுபது வயது. மல்வேர்னில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் தனியாக இருந்தாள். மகள் தேனுகா பக்கத்து நகரமான அஜக்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டாள், ஞாயிறு தவறாமல் வருவாள். சுவரில் மாலை போட்ட ஒரு பையனின் படம். மகன் சசிகரன், பதினேழு வயதில் போனவன்.

எமில்டா படிவத்தை மேசையில் வைத்தாள், போனில் பதிவுப் பொத்தானை அமத்தினாள். நாகமணி கையொப்பம் போட்டு, சேலையை இழுத்துவிட்டு, நிமிர்ந்து இருந்து சொன்னாள். தொண்ணூறாம் ஆண்டு செப்டெம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு பத்து. மகன் ரியூசன் முடிந்து வந்தான். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். தலையை மடியில் வைத்திருந்தேன், "அம்மா, தங்கச்சியைப் பாத்துக்கொள்ளுங்க" என்றான், உயிர் போனது. இருபது நிமிடத்தில் கதை முடிந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. எமில்டாதான் அழுதாள்.

கதவடியில் நாகமணி மெல்லக் கேட்டாள்: "எல்லாம் சரியா வந்திச்சா மகள்? திகதி ஒண்டும் பிழைக்கல்லியே?"

லிப்டில் இறங்கும்போதுதான் எமில்டாவுக்கு உறைத்தது. அகதியாக வந்த எங்கள் சனத்துக்கு இரண்டு கதை உண்டு. ஒன்று நடந்தது. மற்றது 'கேஸ்'. வக்கீல் ஒழுங்குபடுத்தி, மொழிபெயர்ப்பாளர் திருத்தி, விசாரணைக்காக நித்திரையிலும் பாடமாக்கியது. எங்கள் ஆட்கள் முன்னால் ஒரு படிவத்தையும் ஒரு ஒலிப்பதிவையும் வைத்தால் வருவது கேஸ்தான். அன்புராசாவுக்கும் ஒரு கேஸ் இருந்தது, அதை அவன் எமில்டாவுக்கு ஒப்புவித்துக் காட்டியிருக்கிறான். அப்படிப்பட்டவள் படிவத்தை நீட்டிவிட்டு மெய்யை எதிர்பார்த்தாள் என்றால் அவளை என்னவென்று சொல்வது.

அடுத்த செவ்வாய் வெறுங்கையோடு போனாள். படிவமும் இல்லை, பதிவும் இல்லை. நாகமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எமில்டாவும் இருந்து ஆய்ந்தாள்.

"அம்மா, அண்டைக்குச் சொன்னது கேஸ்தானே?"

நாகமணி கையிலிருந்த கட்டைக் கடைசிக் காம்புவரை ஆய்ந்தாள். பிறகு கீரையைப் பார்த்தபடியே சொன்னாள். இந்தமுறை திகதி இல்லை. தோளில் துவக்கோடு ஆட்கள் வந்தார்கள், விடியப்புறம். யார் என்று அவள் சொல்லவில்லை, எமில்டாவும் கேட்கவில்லை. சசிகரன் வீட்டு வளவுக்குப் பின்னால் வைக்கோல் கும்பிக்குள் ஒளிந்திருந்தான். வந்தவர்களில் ஒருவன் தாயின் இடுப்பிலிருந்த நாலு வயதுத் தேனுகாவைப் பறித்தான். பறித்த பறியில் துவக்கின் இரும்பு பட்டு, பிள்ளையின் இடது புருவத்துக்கு மேலே கிழிந்து இரத்தம் ஓடியது. பெடியனைக் காட்டு, இல்லையென்றால் இதைக் கொண்டுபோவோம் என்றான்.

"நான் கையக் காட்டிட்டன் மகள்," என்றாள் நாகமணி. "வாயால சொல்லல்ல. இந்தக் கையாலதான். அவன எழுப்பிக் கொண்டு போகக்குள்ள என்னத் திரும்பிப் பாத்தான். மறுகா அவன ஒருத்தரும் காணல்ல. மடியில வைச்சி அழ எனக்கு ஒரு பொணமும் கிடைக்கல்ல."

அப்போதுதான் அழுதாள். அழுது முடிந்து எமில்டாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தேனுகாவுக்குத் தெரியா. கிணத்தடியில விழுந்த காயமெண்டுதான் சொல்லி வைச்சிரிக்கன். அண்ணன வித்து வாங்கின உசிரு தன்ட உசிரெண்டு அவளுக்குத் தெரியக்கூடா. தெரிஞ்சா அவள் சீவிக்கமாட்டாள்."

"ஆண்டவர் அறிய, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அம்மா," என்றாள் எமில்டா. சொன்னபோது அது மெய்யாகவே இருந்தது.

பேராசிரியர் ஆய்வேட்டை வாசித்துவிட்டு அழைத்தார். ஐந்து கதையும் நன்று, ஆறாவது பொலிஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது, ஆளே தெரியவில்லை, திருத்திக் கொண்டு வாருங்கள் என்றார். ஏழு வருடம் முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது. அதற்கு மேல் நீடிப்புக் கிடையாது. புது ஆளைத் தேடி, ஆய்வு ஒழுக்கக் குழுவிடம் அனுமதி வாங்கி, பதிந்து, எழுத மூன்று கிழமை எந்த மூலைக்குக் காணும்?

நாகமணியிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தெரிந்ததால் எமில்டா கேட்கவில்லை. இதற்கு நான் சப்பைக்கட்டுக் கட்டமாட்டேன். ஆசை வெட்கம் அறியாது. அவள் அந்தக் கதிரையை நினைத்தாள், சாகிறவர்களின் கையை நினைத்தாள். கேஸ் கதைக்குப் போட்ட கையொப்பத்தைக் கீரை ஆய்ந்த கதைக்கு வைத்துக்கொண்டாள். பெயரை ராணி என்று மாற்றினாள், ஊரை அழித்தாள். ஆனால் புருவத்துக் காயத்தை விடவில்லை. ஆள் தெரியவேண்டும் என்று பேராசிரியர் கேட்டிருந்தாரே.

ஆய்வேடு அதிசிறப்பாகத் தேறியது. விதிப்படி அதைக் கல்லூரி நூலகத்தின் இணையதளத்திலும் ஏற்றினார்கள். எமில்டாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் கிழமைக்கு இரண்டு நாள் ஆன்மிகத் துணையாளர் வேலை கிடைத்தது. பதினொரு பேரின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தாள். அந்த நாட்களில் அவள் சந்தோசமாக இருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேனுகா அதைத் தேடிப் பிடித்தது பெருமையில்; பதிவு செய்த அந்த முதல் நேர்காணலைப் பற்றி அம்மாவே அவளுக்குச் சொல்லியிருந்தாள். அம்மாவின் கதையை யூனிவர்சிட்டியில் எழுதியிருக்கிறார்களாம் என்று வேலையிடத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். வாசித்தவள் அம்மாவிடம் போகவில்லை. எமில்டா வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு எதிரே இருந்த கோப்பிக் கடைக்கு அவளைக் கூப்பிட்டாள். மேசையில் அச்செடுத்த தாள்கள்.

"அன்ரி, பேஜ் சிக்ஸ்டி ஒன். இது எங்கட அம்மாதானே?"

எமில்டா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். இடது புருவத்துக்கு மேலே, வெள்ளைக் கோடாக, அந்தத் தழும்பு.

"ஜஸ்ட் டெல் மீ. இது ட்ரூவா? அண்ணாவை அம்மா காட்டிக் குடுத்தவவா? எனக்காகவா?" தேனுகாவின் விரல் தழும்பில் இருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

எமில்டா படித்த பதினாறு பாடத்தில் ஒன்று ஆய்வு ஒழுக்கம். கதை சோடித்து எழுதினால் பட்டம் பறிபோகும் என்பது அதன் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஓம் என்றால் பட்டம் இருக்கும், எதிரே இருக்கும் பிள்ளை இருக்கமாட்டாள்.

"பொய்," என்றாள் எமில்டா. "நான் சோடிச்சது. உங்கட அம்மா சொன்னது சந்தியில சுட்ட கதை. அது காணாதெண்டு பேராசிரியர் சொன்னவர். எனக்கு நேரமில்லை. அதால நானே ஒண்டைக் கட்டி எழுதிப்போட்டன்."

"அப்ப இந்த ஸ்கார்?"

"கிணத்தடியில விழுந்ததெண்டு அம்மா சொன்னவ. அதை எடுத்துக் கதையில வைச்சன்."

தேனுகா முதலில் மூச்சை விட்டாள். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "தாங்க் கோட், தாங்க் கோட்," என்று அழுதாள். அழுகை நின்றதும் கோபம் வந்தது. "யூ ஆர் சிக், அன்ரி. செத்துப்போன என்ர அண்ணாவையும் அம்மாவையும் வைச்சு, ஒரு டிகிரிக்காக? நான் சும்மா விடமாட்டன்."

விடவுமில்லை. கல்லூரிக்கு எழுதினாள். விசாரணைக்கு மூன்று பேர் இருந்தார்கள், பேராசிரியர் ஓரத்தில் தலை குனிந்திருந்தார். ஆறாவது நேர்காணலைப் புனைந்தீர்களா என்று கேட்டார்கள். ஓம் என்றாள். ஏன் என்றார்கள். நேரம் போதவில்லை என்றாள். ஒரு கதைக்கு வாங்கிய கையொப்பத்தை இன்னொன்றுக்கு வைத்தீர்களா, சத்தியத்தை மீறினீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. செய்த பிழையைக் கேட்க ஆளில்லை, செய்யாத பிழைக்குத் தண்டனை கிடைத்தது. அதைத் தனக்கு உரியதாகவே அவள் எடுத்துக்கொண்டாள். பட்டம் போனது, ஆஸ்பத்திரி வேலையும் போனது. ஆய்வேட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்புராசா, "ஏழு வருசம், எமில்டா!" என்று மட்டும் சொன்னான். அவனுக்கும் அவள் சொல்லவில்லை.

போன மாசியில் மல்வேர்னில் ஒரு தமிழ்க் கடையில், மரக்கறித் தட்டடியில் அவர்களைக் கண்டாள். தேனுகா தாயின் முழங்கையைப் பிடித்திருந்தாள். நாகமணி மெலிந்திருந்தாள்.

"அம்மா, உவதான்," என்றாள் தேனுகா.

நாகமணி எமில்டாவைப் பார்த்தாள். கண் அசையவில்லை. எமில்டா எதை எழுதினாள், பிறகு எதை இல்லை என்றாள், தேனுகா சொல்லி இரண்டும் அந்த மனிசிக்குத் தெரியும். கடையில் சாமான் எடுத்துக்கொண்டிருந்த சனம் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "பொய்க்காரி! பெத்த தாய் புள்ளையக் காட்டிக் குடுப்பாளா? எந்தத் தாய் செய்வாள்? நீ சொல்லு!"

சொல்லிவிட்டு நின்றாள். பதில் வரும்வரை அவள் போகமாட்டாள் என்று எமில்டாவுக்கு விளங்கியது.

"ஒரு தாயும் செய்யமாட்டா அம்மா," என்றாள் எமில்டா, தேனுகாவுக்கும் கேட்கும்படி. "நான் எழுதினது பொய்."