பாஞ்சாலை எடுத்த படங்கள்

அன்று காலை எழில் புத்தகப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அம்மா பாஞ்சாலை அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது.

"எல்லாரும் என்னை 'ஒன்னுமில்ல'னு கூப்பிடறாங்கம்மா. காபி கடைல என் போட்டோ மாட்டிக்கீறாங்களாம். அதுக்குக் கீழ அப்படித்தான் எழுதிக்கீதாம்."

பாஞ்சாலை ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைகளைக் கூட்டிப் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை பார்ப்பவள். செங்கம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். ஆட்டோ ஓட்டும் அர்ஜுனனைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தாள். பேர்ப் பொருத்தம் ஒன்றை மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேலி பேசுவார்கள். எழிலுக்கு எட்டு வயது. அவளுக்குக் கீழே பொன்னி, மூன்று வயது.

அந்தக் காபி கடை கெஸ்ட் ஹவுஸுக்கு அடுத்த கட்டடம். வெள்ளைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் வந்து உட்காருகிற இடம். பாஞ்சாலை அதுவரை உள்ளே போனதில்லை. அன்று எழிலையும் கூட்டிக்கொண்டு நேராக உள்ளே போனாள்.

கதவு உயரத்துக்குப் படம். அதில் தெருக்குழாயடியில் எழில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை பரட்டையாக இருந்தது. பழைய பாவாடையின் ஓரம் கிழிந்திருந்தது. யாரையோ பார்த்துச் சிரித்திருந்தாள். கீழே இங்கிலீஷில் ஒரு வரி.

"'எதுவுமில்லாமலே சந்தோஷம்'னு அர்த்தம்மா," என்றார் கடைக்காரர் சக்கரவர்த்தி, பெருமையாக. "போன சீசன்ல வந்த ஒரு போட்டோகிராபர் எடுத்தது. எல்லாரும் இதைத்தான் நின்னு பாக்குறாங்க."

"எங்ககிட்ட இன்னா சார் இல்ல? கேஸ் அடுப்பு கீது, ஃபேன் கீது, ஆட்டோ கீது. புள்ள நாலு பாத்திரம் தேய்ச்சா ஒன்னுமில்லாத வூடா?"

"கோச்சுக்காத பாஞ்சாலை. எவ்ளோ அழகா வந்திருக்கு பாரு. உன் போன்ல இப்படி ஒரு போட்டோ இருந்தா காட்டு, இதைக் கழட்டிடறேன்."

பாஞ்சாலை ஆவேசமாகப் போனைத் திறந்தாள். தள்ளிக்கொண்டே போனாள். பீரோ முன்னால் இரண்டு பிள்ளைகளும் விறைத்து நிற்கும் படம். வெயிலில் கண்ணைச் சுருக்கிய படம். பொன்னியின் தலை பெரிதாகவும் கால் குச்சியாகவும் தெரியும் படம். பவுடர் அப்பிய தீபாவளிப் படம், அதிலும் எழிலின் நெற்றிக்கு மேல் பாதி இல்லை. சக்கரவர்த்தி சிரித்துவிட்டார். பாஞ்சாலை போனை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். தன் கைமேலேயே அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அர்ஜுனன் பயந்தான். "அவர் கடைலேர்ந்துதான் எனக்குப் பாதி சவாரி வருது. வம்பு வேணாம்."

"சவாரி போனா வேற ஸ்டாண்டுல போடு. எம்பொண்ணு பேரு எழில். அதை எவனும் மாத்த வேணாம்."

அன்றிலிருந்து அவள் படம் எடுக்க ஆரம்பித்தாள். போன் லென்ஸில் தேங்காயெண்ணெயும் சோப்பும் படிந்திருந்ததை முதலில் கண்டுபிடித்தாள். முந்தானையால் துடைத்ததும் பாதி மங்கல் போயிற்று. டியூப்லைட்டுக்கு முன்னால் நிறுத்தினால் முகம் கறுத்துப்போகிறது. வாசல் பக்கம் திருப்பினால் கண்ணில் ஒளி வருகிறது. நின்றபடியே எடுப்பதை விட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பொன்னியின் உயரத்திலிருந்து பார்த்தபோது பொன்னி முழு ஆளாகத் தெரிந்தாள். பின்னால் தொங்கும் துணியும் பக்கெட்டும் தெரியாமல் இருக்க, கொஞ்சம் நகர்ந்தாலே போதும். 'சிரி, சிரி' என்றால் பிள்ளைகள் பல்லைக் காட்டுகிறார்கள். அவர்கள் பாட்டுக்கு இருக்க விட்டால் முகம் முகமாக இருக்கிறது. பத்து எடுத்தால் ஒன்பதை அழித்தாள். அர்ஜுனன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் எழில் தங்கைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாயில் ஹேர்பின், கண்ணில் வாத்தியார் கண்டிப்பு. பொன்னி வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தாள். பாஞ்சாலை சத்தமில்லாமல் எதிரே குந்தி எடுத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த எழிலையும் கூட்டிக்கொண்டு போய் அதைச் சக்கரவர்த்தியிடம் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதையும் பிரிண்ட் போட்டுப் பக்கத்துல மாட்டட்டுமா?"

"வேணாம் சார். இது எங்க வூட்டுது. நீங்க அதைக் கழட்டுங்க."

"கஸ்டமருக்கெல்லாம் பிடிச்சுப்போச்சேம்மா..."

பாஞ்சாலை ஒரு நாற்காலியை இழுத்து அந்தப் படத்துக்கு நேர் கீழே போட்டாள். "இங்க உக்காந்து வீட்டுப்பாடம் எழுதறியா?" என்று எழிலிடம் கேட்டாள். எழில் உடனே உட்கார்ந்தாள். மறுநாளும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தாள், அதற்கு மறுநாளும். வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், பிறகு யூனிஃபார்மில் ரிப்பன் கட்டி உட்கார்ந்திருக்கும் அவளைப் பார்ப்பார்கள். ஒரு அம்மாள், "இது நீதானா?" என்று கேட்டாள்.

"நான்தான். எடுக்கும்போது என்னை யாரும் கேக்கல," என்றாள் எழில். அந்த அம்மாள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போய்ச் சக்கரவர்த்தியிடம் ஏதோ கேட்டாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வாரம் முடிவதற்குள் சுவர் காலியானது. அர்ஜுனனின் சவாரியும் காலியானது. அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோவை மாற்றிக்கொண்டு ரொம்ப நாள் முணுமுணுத்தான். பட்டப்பெயரும் உடனே போய்விடவில்லை. அப்படிக் கூப்பிட்ட ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்து எழில் டீச்சரிடம் திட்டு வாங்கினாள். வீட்டில் பாஞ்சாலை அதற்காக அவளைத் திட்டவில்லை.

படம் எடுப்பதை மட்டும் அவள் விடவில்லை. ஒருநாள் மழை விட்ட சாயங்காலம், எழில் ஜன்னலோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலைமேலிருந்து வந்த மஞ்சள் வெளிச்சம் பாதி முகத்தில் விழுந்திருந்தது. பாஞ்சாலை போனைத் தூக்கினாள்.

"வேணாம்மா."

"லைட்டு சூப்பரா கீதுடி. ஒன்னே ஒன்னு."

"வேணாம்னா வேணாம்."

பாஞ்சாலையின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. இத்தனை நாள் எடுத்ததிலேயே இதுதான் நல்ல படமாக வந்திருக்கும். போனை அரிசி டின் மேல் வைத்தாள். "சரி, நவுரு," என்று மகள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.