யாரும் தாங்காத தீர்மானம்

சிர்க்காவுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கமாட்டாள். காப்பியில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிடுவாள், அவ்வளவுதான். வடக்கே ஒரு பனிநாட்டுச் சிற்றூரான கைஸ்லம்பியில் அவள் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போய்வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவள் குணம் தெரியும். பின் இருக்கையில் யாராவது கலாட்டா செய்தால் வண்டியை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, கண்ணாடியில் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாள். மன்னிப்புக் கேட்கும்வரை வண்டி நகராது. அப்படிப்பட்டவள் ஒரு வசந்தத்தில் நிறுத்திய சர்க்கரையை இன்றுவரை மறுபடி போடவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிறுமியாக இருந்தபோது ஏரி உறைந்ததும் அண்ணன்மார் அதன்மேல் ஐஸ் ஹாக்கி ஆடப் போவார்கள். கோல் காத்து நிற்க எவனுக்கும் பிடிக்காது என்பதால் தங்கையை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார்கள். அப்பாவின் கம்பளிப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, முழங்காலில் பழைய தலையணையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பெண்பிள்ளைகளுக்கு அணி என்ற பேச்சே அப்போது கிடையாது. ஆடக் கிடைக்காததை எல்லாம் பிறகு உழைப்பாகக் கொட்டினாள். ஊர்ச் சங்கத்துக்குக் 'கொக்குகள்' என்று பெயர். அந்தக் கொக்குகளின் சட்டையைத் துவைத்தாள், இடைவேளையில் சாஸேஜ் விற்றாள், வெளியூர் ஆட்டங்களுக்குப் பேருந்து ஓட்டினாள். காகித ஆலையில் வெல்டிங் வேலை பார்த்த ரெய்னோவைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளைவிடக் குறைவாகப் பேசுகிறவன். சர்ச்சில் பாதிரியார் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்வதற்குள் விருந்துக் காப்பி ஆறிப்போனது என்று ஊரில் இன்னும் கிண்டல் செய்வார்கள்.

இனி லீக் சங்கதி. நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கொக்குகள் ஆடியது இரண்டாம் தட்டில். அதற்கு மேலே ஒரே ஒரு தட்டு. நாடு முழுக்க டிவியில் பார்ப்பது அதைத்தான். எந்த விளையாட்டிலும் கீழே ஜெயித்தவன் மேலே போவான், மேலே தோற்றவன் கீழே வருவான். இங்கே அந்தக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். மேலே கடைசியாக வந்தவன் அடுத்த வருஷமும் மேலேயே இருப்பான். கீழே முதலாவதாக வந்தவனுக்கு ஒரு கோப்பை, ஒரு கைகுலுக்கல், மறுபடியும் அதே கீழ்த்தட்டு. கதவைத் திறப்பதும் திறக்காததும் லீக் பெரியமனிதர்களின் இஷ்டம். அரங்கம் எப்படி, ஊர் எவ்வளவு பெரிது, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். முடிவு செய்யும் இடத்துக்குக் கபினெட்டி என்று பெயர். ஹோட்டலின் பின்பக்கம், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடும் தனி அறை. பனியில் ஜெயித்ததைக் கபினெட்டியில் தோற்ற ஊர்கள் அந்த நாட்டில் நிறைய.

ஒரு வசந்தத்தில் சங்கத் தலைவன் கலெர்வோ தலைநகரத்துக்குப் போய்விட்டு வந்தான். கார் விற்கிறவன், சிர்க்காவோடு ஒரே வகுப்பில் படித்தவன், பள்ளியிலேயே யார் வீட்டுப்பாடத்தையாவது பார்த்து எழுதுகிறவன். அரங்கத்தில் இருக்கை போதவில்லை என்பதுதான் லீக்காரர்களின் ஒரே குறை, ஒரு பக்கம் முழுக்கப் புதிதாகப் பார்வையாளர் மேடை கட்டிவிட்டால் அடுத்த சாம்பியன் பட்டத்தோடு கதவு திறக்கும் என்றான். எழுதிக் கொடுத்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. கைஸ்லம்பியில் வாய்வார்த்தையைச் சந்தேகப்படுவது மனிதனையே சந்தேகப்படுவது.

ஊர்வேலை என்று அறிவித்தார்கள். ஊர்வேலைக்குக் கூலி கிடையாது. பட்டாணி சூப்பு உண்டு. கூப்பிட்டால் வரமுடியாது என்று சொல்லும் வழக்கமும் கிடையாது. அந்தக் கோடை முழுக்க எவரும் மீன்பிடிக்கப் போகவில்லை. சிர்க்காவின் அப்பா விட்டுப்போன காட்டிலிருந்து ஸ்ப்ரூஸ் மரங்களை வெட்டி, அறுத்து, இழைத்துப் பலகையாக்கினார்கள். பல் டாக்டரம்மா வர்ணம் அடித்தாள். தபால்காரன் பலகை சுமந்தான். சிர்க்கா அண்டா நிறையச் சூப்பு காய்ச்சினாள். ஆகஸ்டில் அறுவை வாள் ரெய்னோவின் இடதுகை மோதிர விரலைக் கொண்டுபோயிற்று. மோதிரத்தைப் பக்கத்து விரலுக்கு மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே போல்ட் முறுக்க வந்துவிட்டான். வலிக்கிறதா என்று கேட்டவர்களிடம், மேல் லீக்கில் ஆடும்போது வலிக்காது என்றான். அந்த வருஷம் அவன் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அடுத்த ஏப்ரலில் கொக்குகள் பட்டம் வென்றார்கள். ரெய்னோ அழுதான், சிர்க்கா அழவில்லை. விற்காமல் மிஞ்சிய சாஸேஜை எல்லாம் சும்மாவே கொடுத்தாள். ஊரே சந்தைச் சதுக்கத்தில் நின்று பாடியது.

பிறகு கபினெட்டியிலிருந்து செய்தி வந்தது. கதவு திறந்துவிட்டதாம். உள்ளே போனது கொக்குகள் அல்ல, பக்கத்துப் பெருநகரத்தின் அணி. அந்த வருஷம் அதே கீழ்த்தட்டில் ஏழாவதாக வந்த அணி. அவர்களுக்குப் புத்தம்புதுக் கண்ணாடி அரங்கம் எழும்பிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை எங்கே ஆடுவார்கள் என்றால், கைஸ்லம்பியில். புது மேடை இருக்கிறதே, இருக்கைக் கணக்கு சரியாக இருக்கிறதே. கொக்குகளில் நன்றாக ஆடும் பையன்கள் அவர்களுக்குப் போவார்கள். மிச்சமிருக்கும் அணி கீழ்த்தட்டில் அவர்களுக்கு ஆள் தயார் செய்து கொடுக்கும் பண்ணையாக இருக்கும். இதையெல்லாம் கலெர்வோ குளிர்காலத்திலேயே அந்த அறையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டு வந்திருந்தான். பையன்கள் பட்டத்துக்காகப் பல் உடைந்து ஆடியபோது இவன் மரியாதை இருக்கையில் உட்கார்ந்து கைதட்டினான்.

சிர்க்கா அன்றைக்குக் காப்பியைச் சர்க்கரை இல்லாமல் குடித்தாள்.

அரங்கம் ஊர்ச் சங்கத்தின் சொத்து என்பதால் சங்கக் கூட்டம் சம்மதிக்க வேண்டும். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். ஊரே வந்திருந்தது, ஊருக்கே கோபம். கலெர்வோ கணினியில் படம் காட்டிப் பேசினான். மேல் லீக் ஆட்டம் நம் ஊரிலேயே நடக்கும், இதுவும் ஒரு படிதானே என்றான். பிறகு மரச் சுத்தியலைக் கையில் எடுத்தான்.

"ஆட்சேபம் ஏதும் இருக்கா?"

அந்த ஊரில் கோபத்தைப் பேசிக் காட்டமாட்டார்கள், பேசாமல் காட்டுவார்கள். சுத்தியலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பேச்சில்லை என்றால் சம்மதம் என்று தட்டிவிடும். சிர்க்கா எழுந்து நின்றாள். நாற்காலி தரையில் தேய்ந்த சத்தத்துக்கே பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கு," என்றாள். "நாம ஆடறதுக்கு நாம கட்டினோம். ஏழாவதா வந்தவன் வந்து உக்கார்றதுக்கு இல்ல. அரங்கத்தைக் குடுக்கக் கூடாது. இது என் தீர்மானம்."

கலெர்வோ தலையை ஆட்டினான். சட்டப்படி நடக்கிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். ஒருவர் தீர்மானம் போட்டால் இன்னொருவர் அதை வழிமொழிய வேண்டும். இல்லாவிட்டால் அது ஓட்டுக்கே வராது. வழிமொழிவதற்கு அங்கே சொல்லும் சொல்லுக்குத் தாங்குவது என்றுதான் அர்த்தம்.

"சிர்க்காவோட தீர்மானத்தை யாராவது தாங்குறீங்களா?"

ஒரே ஒரு சொல். ஒருவர் சொன்னால் போதும், கைகள் கூடம் முழுக்க உயர்ந்திருக்கும். பல் டாக்டரம்மா தபால்காரனைப் பார்த்தாள். தபால்காரன் தன் பூட்ஸைப் பார்த்தான். எப்படியும் ரெய்னோ சொல்லுவான், புருஷன் இருக்கும்போது நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் இருந்தார்கள். ரெய்னோவோ, பெண்டாட்டிக்குப் புருஷனே வழிமொழிந்தால் நன்றாக இருக்காது, வேறு யாராவது சொல்லட்டும் என்று விரலில்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காப்பி இயந்திரம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"தாங்க ஆளில்ல. தீர்மானம் விழுந்தது," என்று கலெர்வோ சுத்தியலைத் தட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளை நிஜமாகவே கொதிக்க வைத்தது. காப்பிக்கு வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவராக அவள் காதருகே வந்து, நீ சொன்னதுதான் சரி சிர்க்கா என்றார்கள். நாலைந்து பேர் சொல்லும்வரை பொறுத்தாள். தபால்காரனும் வந்து சொன்னான்.

"அப்ப வாயில என்ன, பன்னு இருந்துச்சா?"

"பன்னு இன்னும் குடுக்கலையே," என்றான் அவன், பாவம்.

வீட்டுக்கு வந்தார்கள். ரெய்னோ சௌனா என்கிற வேர்வைக் குளியல் அறைக்கு நெருப்பு மூட்டினான், அவள் போகவில்லை. அவன் தனியாகவே வேர்த்துவிட்டு வந்து படுத்தான்.

காலையில் அவன் எழுந்தபோது அவள் இல்லை. கருவிப் பெட்டியில் பெரிய ஸ்பேனரும் இல்லை.

சாஸேஜ் கடைக்காக அரங்கத்துச் சாவி ஒன்று எப்போதும் அவளிடம் இருக்கும். பருவம் முடிந்து பனித்தளத்தை உருக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈர சிமெண்டு வாடை. புது மேடையில் மேலேயிருந்து முதல் வரிசையில் மண்டியிட்டு உட்கார்ந்து போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். ரெய்னோ முறுக்கியது, லேசில் அசையவில்லை. உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு, அவனைத் திட்டிக்கொண்டே திருகினாள்.

யாரோ தகவல் சொல்லிக் கலெர்வோ ஓடி வந்தான்.

"சிர்க்கா, இது சங்கத்துச் சொத்து."

"மரம் எங்கப்பா காட்டுல வெட்டினது. எழுதி வாங்கினியா எங்கிட்ட?"

"இல்ல."

"நாங்களும் உங்கிட்ட எழுதி வாங்கல. கணக்கு சரியாப் போச்சு."

ஒரு வரிசை போனாலும் இருக்கைக் கணக்கு குறைந்துவிடும், லீக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவன் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான். அதற்குத்தான் கழற்றுகிறேன் என்று அவள் அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தாள். கலெர்வோ போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தான். கைஸ்லம்பியின் ஒரே போலீஸ்காரன் கையில் ஸ்பேனரோடு கதவில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பல் டாக்டரம்மா, தபால்காரன், கூட்டத்தில் பூட்ஸைப் பார்த்த அத்தனை பேரும். ஆளுக்கொரு வரிசையில் மண்டியிட்டார்கள். கலெர்வோ போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"சூப்பு கிடையாது," என்றாள் சிர்க்கா, தலை நிமிராமல்.

அவள் வரிசையின் கடைசிப் போல்ட்டும் கழன்றது. நீளப் பலகை, அவள் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை மேடையில் இடித்து மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. சட்டென்று பாரம் குறைந்தது. ரெய்னோ வந்து அந்த முனையைத் தோளில் ஏற்றியிருந்தான். விரலில்லாத கை பலகையின் மேல் இருந்தது.

"தாங்குறேன்," என்றான்.

சிர்க்கா அவனைப் பார்த்தாள். அரங்கத்தில் எல்லோருடைய கையும் ஒரு நொடி நின்றது.

"இதை நேத்து சொல்லியிருந்தா இந்தப் பலகை இங்கயே இருந்திருக்கும், ரெய்னோ," என்றாள். "சரி, நட. படி இருக்கு, பாத்து வை."